பெட் பக்கத்துல பிஸ்டல் சேஃப்: எத வாங்குறது, எங்க போல்ட் அடிக்கிறது

கேள்வி: அண்ணே, நாங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன் சாட்ஸ்வொர்த்துல இருக்கோம், ரெண்டு மாடி செமி-டிட்டாச்ட் வீடு, பெட்ரூம் எல்லாம் மேல. 2021 ஜூலை கலவரத்துக்கு அப்புறம் ரொம்ப நாள் யோசிச்சு, ட்ரெய்னிங் முடிச்சு, காம்பிடென்சி சர்டிஃபிகேட் (துப்பாக்கி வெச்சிருக்கத் தகுதி இருக்குன்னு தர்ற சான்று) வாங்கி, இப்போ செல்ஃப் டிஃபென்ஸ் லைசென்ஸுக்கு அப்ளை பண்ணியிருக்கேன். 9 எம்.எம் பிஸ்டல். ராத்திரி கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும். அமெரிக்காக்காரங்க வெச்சிருக்கிற ஃபிங்கர்பிரிண்ட் பாக்ஸ் ஒண்ணு வீடியோவுல பாத்தேன், கேபிள் போட்டு கட்டில் கால்ல கட்டிடலாம், விரல வெச்சா ஒரே செகண்ட்ல தொறக்குது. அது போதுமா? பெடஸ்டலுக்குள்ள, அதான் கட்டில் பக்கத்துச் சின்ன அலமாரிக்குள்ள, வைக்கிறதா, கபோர்டுக்குள்ளயா? ஒய்ஃபுக்கும் நம்பர் சொல்லி வைக்கலாமா? வீட்டுல 5 வயசுப் பொண்ணு, 13 வயசுப் பையன், அம்மாவும் கூட இருக்காங்க. அப்பா போனதுல இருந்து அம்மா சரியாத் தூங்கறதில்ல, ராத்திரி எழுந்து வீட்டுக்குள்ள நடந்துட்டே இருப்பாங்க.

பதில்: தம்பி, லைசென்ஸ் வர்றதுக்கு முன்னாடியே சேஃப் பத்தி கேட்டீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம். நான் பூட்டு, சேஃப் வேல பாக்குறவன், டர்பன்ல நம்ம ஆளுங்க வீடுகள்லதான் பாதி வேல, அதனால உங்க வீட்டு அமைப்பு எனக்கு நல்லாவே தெரியும். ஒரே வார்த்தையில சொல்லணும்னா அந்தக் கேபிள் பாக்ஸ் வேணாம். எஸ்.ஏ.பி.எஸ் (SABS, போலீஸ் இல்ல, நாட்டோட தர நிர்ணய நிறுவனம்) முத்திரை இருக்கிற ஸ்டீல் சேஃப் வாங்குங்க, செங்கல் சுவர்லயோ கான்கிரீட் தரையிலயோ போல்ட் அடிங்க, நம்பர் உங்க ஒருத்தர் மண்டைக்குள்ள மட்டும் இருக்கட்டும். ஆனா ஏன்னு புரியாம பண்ணினா ஆறு மாசத்துல சலிச்சுப்போய் பிஸ்டல் தலகாணிக்கு அடியில வந்துடும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல அந்த "ஒரே செகண்ட்" விஷயத்துக்கு வரேன், ஏன்னா எல்லாருக்கும் அதுதான் மனசுல ஓடுது. தூக்கத்துல இருந்து முழிக்கிற மனுஷனுக்கு ஒரு செகண்ட்ல கையில துப்பாக்கி வர்றது நல்லதான்னு யோசிங்க. உங்க வீட்டுல ராத்திரி நேரத்துல இருட்டுல நடக்கிறது யாரு? நீங்களே எழுதியிருக்கீங்க, அம்மா. அது போக 13 வயசுப் பையன் தண்ணி குடிக்க கீழ போவான், இன்னும் ரெண்டு வருஷம் போனா ஃப்ரெண்ட்ஸோட லேட்டா வந்து சத்தமில்லாம கதவத் தொறப்பான். 2004ல இந்த நாட்டுலயே நடந்தது, நாட்டோட ரக்பி டீம் ஸ்ப்ரிங்பாக்ஸ்ல ஆடின முன்னாள் ஆட்டக்காரர் ஒருத்தர் விடியக்காலையில யாரோ கார் திருடுறாங்கன்னு நெனச்சு பெட்ரூம்ல இருந்து சுட்டார், காருக்குள்ள இருந்தது அவரோட 19 வயசு மக. பொண்ணு போயிருச்சு. அவர் மேல கேஸ் நடத்தல, ஆனா அதுல யாருக்கு என்ன மிச்சம்? துப்பாக்கி பிடிக்கத் தெரியாத மனுஷனும் இல்ல, கெட்டவரும் இல்ல, அர முழிப்புல இருந்த ஒரு அப்பா, அவ்வளவுதான். அதனால சேஃப் தொறக்குற அஞ்சு பத்து செகண்டு உங்களுக்கு நஷ்டம்னு நெனைக்காதீங்க, எழுந்து உக்காந்து, நம்பர் அழுத்தி, கதவத் தொறக்குறதுக்குள்ள ஆளு முழுசா முழிச்சிருவான், "அம்மா நீங்களா?"ன்னு கேக்குற புத்தி வந்துரும்.

அப்போ திருடன் உண்மையிலேயே வந்துட்டா நேரம் எங்க இருந்து வரும்னு கேப்பீங்க. நேரத்த வாங்கித் தர்றது கதவும் கேட்டும்தான். உங்க மாதிரி வீட்டுல மாடிப்படி ஏறி முடியிற எடத்துல ஒரு ஸ்லாம்-லாக் கேட் (இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கிற இரும்புக் கேட்) போடுங்க, ராத்திரி படுக்கப்போறப்போ மூடிடுங்க, பிள்ளைங்க ரூம், அம்மா ரூம் எல்லாம் கேட்டுக்கு உள்பக்கம் வந்துரும். கீழ எவன் வந்தாலும் அந்தக் கேட்ட ஒடைக்கிற சத்தத்துலயே உங்களுக்கு வேண்டிய நேரம் கெடைக்கும், அதுக்குள்ள பேனிக் பட்டன அழுத்தலாம், ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ், அதான் செக்யூரிட்டி கம்பெனியோட ஆயுதம் வெச்ச ஆளுங்க, கிளம்பிருவாங்க. உள்பக்கம் நடக்குறது யாரா இருந்தாலும் நம்ம வீட்டு ஆளுன்னும் தெரிஞ்சிரும். அம்மாவுக்கு ராத்திரி கீழ போகணும்னா கஷ்டம்தான், அதுக்கு மேலயே ஒரு கெட்டில், ஒரு நாற்காலி, ஒரு சின்ன லைட் வெச்சுக் கொடுங்க. கேட் சாவி கைக்கு எட்டுற எடத்துல இருக்கணும், நெருப்பு கிருப்பு பிடிச்சா வெளிய ஓடணும்ல. பட்ஜெட் ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா ஸ்டைலான சேஃப்க்கு போடுற கூடுதல் காசக் கேட்டுக்குப் போடுங்கன்னுதான் நான் சொல்வேன். நல்ல டார்ச் ஒண்ணும் பக்கத்துல இருக்கட்டும், துப்பாக்கில மாட்டுற லைட் இல்ல, தனி டார்ச், ஆளு யாருன்னு பாக்குறதுக்காக யார் மேலயும் துப்பாக்கிய நீட்டக்கூடாது.

அடுத்தது சட்டம். ஃபயர்ஆர்ம்ஸ் கன்ட்ரோல் ஆக்ட், 2000ம் வருஷத்து 60ம் நம்பர் சட்டம், 2004 ஜூலையில இருந்து நடைமுறையில இருக்கு. அதோட ரெகுலேஷன் 86 என்ன சொல்லுதுன்னா, துப்பாக்கி உங்க நேரடி கன்ட்ரோல்ல, உங்க உடம்போட இல்லாத நேரம் எல்லாம் துப்பாக்கியும் சரி தோட்டாவும் சரி, எஸ்.ஏ.பி.எஸ் 953-1, 953-2 தரத்துக்கு ஏத்த சேஃப்லயோ ஸ்ட்ராங்ரூம்லயோ பூட்டி இருக்கணும். தூங்கிட்டு இருக்குற மனுஷன் கையில என்ன கன்ட்ரோல் இருக்கு? தலகாணிக்கு அடியில, மெத்தைக்கு அடியில, பெடஸ்டல் ட்ராயர்ல, இதெல்லாம் கணக்குலயே வராதுன்னு வெச்சுக்கிட்டு வாழ்றதுதான் புத்திசாலித்தனம். செக்ஷன் 120 இன்னும் தெளிவா இருக்கு: சேஃப்ல வைக்காததால துப்பாக்கி தொலைஞ்சாலோ திருட்டுப் போனாலோ குற்றம், சேஃப் சாவிய பத்திரமா வைக்காம விட்டு அதனால போனாலும் குற்றம். அதாவது நல்ல சேஃப் வாங்கிட்டு சாவிய ஃப்ரிட்ஜ் மேல போட்டிருந்தீங்கன்னா சட்டத்துக்கு முன்னாடி சேஃப் இல்லாத மாதிரிதான். ஒழுங்கா பூட்டி வைக்காதவர கோர்ட்டு இனி துப்பாக்கி வெச்சிருக்கவே தகுதி இல்லாதவர்னு ஆக்கிடலாம். காணாம போனது தெரிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லியாகணும், "எங்கயாவது இருக்கும், தேடிப்பாப்போம்"னு ரெண்டு நாள் ஓட்டக் கூடாது.

அந்த அமெரிக்க பாக்ஸ் அந்த நாட்டு சட்டத்துக்கு செஞ்சது. அங்க பல மாநிலத்துல சேஃப்னு ஒண்ணு இருந்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல, சின்னப் பிள்ளைங்க கை படாம இருந்தா போதும்னு மெல்லிசு தகட்டுல பண்றாங்க. நம்ம ஊர்ல திருடன் வர்றான்னா அந்தக் கேபிள ஒரு கட்டர்ல வெட்டி பாக்ஸோட பேக்கில தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவான், அப்புறம் வேற எடத்துல நிதானமா உக்காந்து ஒடைச்சுக்குவான். வீடு புகுந்து திருடுறவன் தேடுற சாமான்ல துப்பாக்கியும் ஒண்ணு, அதுக்கு ரோட்டுல கெடைக்கிற வெல அப்படி. டி.எஃப்.ஓ, அதான் ஸ்டேஷன்ல துப்பாக்கி விஷயம் பாக்குற ஆஃபீசர், உங்க சேஃப நேர்ல வந்து பார்ப்பார், இல்லாட்டி போட்டோவும் பில்லும் கேப்பார், எஸ்.ஏ.பி.எஸ் முத்திரை இல்லாத பாக்ஸக் காட்டினா அப்ளிகேஷன் அங்கயே நின்னுடும்.

ஃபிங்கர்பிரிண்ட் பத்தியும் ஒரு வார்த்த. 2023 அக்டோபர்ல அமெரிக்காவுல ஏறக்குறைய 61,000 ஃபிங்கர்பிரிண்ட் கன் சேஃப திரும்ப வாங்கினாங்க, காரணம் என்ன தெரியுமா, ஒருத்தர் தன்னோட விரல்ரேகைய பதிஞ்சுட்டோம்னு நெனச்சிருப்பார், ஆனா சேஃப் இன்னும் புதுசா வந்த நெலமையிலயே இருக்கும், அந்த நெலமையில எந்த விரல வெச்சாலும் தொறந்துரும். 12 வயசுப் பையன் ஒருத்தன் செத்துப்போன கேஸும் அதுல இருந்தது. உங்க பையனுக்கு 13. இதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்ல. அது இல்லாமயே டர்பன் வேர்வையில, சமையல் எண்ணெ பட்ட விரல்ல, வெட்டுக்காயம் பட்ட விரல்ல சென்சார் அடம்பிடிக்கும். ஃபிங்கர்பிரிண்ட் இருந்தே ஆகணும்னா எஸ்.ஏ.பி.எஸ் முத்திரையோட இருக்கணும், வாங்கின அன்னிக்கே வீட்டுல இருக்குற எல்லாரோட எல்லா விரலயும் வெச்சுப் பாத்து, உங்களுது தவிர எதுக்கும் தொறக்கலன்னு கண்ணால பாத்துட்டுத்தான் உள்ள பிஸ்டல வைக்கணும். பேட்டரி மாத்தும்போதெல்லாம் அதே டெஸ்ட்டத் திரும்பப் பண்ணணும், சிலதுல பவர் போனா மெமரி அழிஞ்சுரும்.

என் சாய்ஸ் நம்பர் கீபேட், இல்லாட்டி பழைய மாடல் கெட்டிச் சாவி லாக். சாவி லாக்ல கெட்டுப்போக ஒண்ணும் இல்ல, ஆனா சாவிய எங்க வைக்கிறதுங்கிற தலைவலி இருக்கு. கீபேட்ல அந்தத் தலைவலி கம்மி, இருட்டுல தடவியே அழுத்தலாம், பேட்டரில ஓடுறதால லோட் ஷெடிங்னு கரண்ட் நிறுத்துற நேரத்துல கூட பிரச்சனை இல்ல. கடையில வாங்கும்போது மூணு விஷயம் பாருங்க: தரத்தோட நம்பர் போட்ட தகடு கதவுல இருக்கா, பேட்டரி செத்துட்டா வெளிப்பக்கம் இருந்து பவர் கொடுக்க வழி இருக்கா, மூடி வெச்சு மேல கைய முஷ்டி பிடிச்சு நல்லா ரெண்டு தட்டு தட்டி கைப்பிடியத் திருப்பினா தொறக்குதா. கடைசியா சொன்னது கடைக்காரருக்குப் பிடிக்காது, பரவால்ல, மலிவான எலக்ட்ரானிக் லாக்ல உள்ள இருக்குற ஸ்ப்ரிங் பின்னு அதிர்ச்சிக்கு ஒரு கணம் நகர்ந்துரும், அப்படி ஒண்ண வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. சைஸும் பாருங்க, பிஸ்டலும் ரெண்டு மேகசினும் (தோட்டா அடுக்கி பிஸ்டலுக்குள்ள போடுற கூடு) ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம படுத்திருக்கணும், ஆனா ரொம்பப் பெருசா வாங்கினா பாஸ்போர்ட்டு, நகை, பட்டா எல்லாத்தயும் அதுல திணிப்பீங்க, அப்புறம் நகை எடுக்க யாராவது அடிக்கடி தொறக்கச் சொல்வாங்க. அந்த சேஃப்ல துப்பாக்கியும் அதுக்கான தோட்டாவும் தவிர வேற எதுவும் இருக்கக் கூடாது. தோட்டா ஒரு லைசென்ஸ் துப்பாக்கிக்கு 200 வரைக்கும்தான், அதுக்கு மேல வெச்சுக்கக் கூடாது, பெட்ரூம்ல அவ்வளவு தேவையும் இல்ல.

இப்போ எங்க வைக்கிறது. பெடஸ்டலுக்குள்ளயா கபோர்ட்லயான்னு கேட்டீங்க, ரெண்டுமே முடியும், ஆனா சேஃப் பிடிச்சுட்டு நிக்கிறது மரச்சாமான இல்ல, சுவர. சும்மா பெடஸ்டல் அடிப்பலகையில ஸ்க்ரூ போட்டா திருடன் பெடஸ்டலோட தூக்குவான். பெடஸ்டலோட முதுகுப் பலகைய எடுத்துட்டு, சேஃப நேரா சுவர்ல ஒட்டி போல்ட் அடிச்சு, பெடஸ்டல அதுக்கு மேல மூடி மாதிரி நகர்த்தி வைக்கலாம், வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு சாதாரண பெடஸ்டல். உயரம் கட்டில்ல உக்காந்தபடி கை நேராப் போற அளவு. உங்க பக்கம் இருக்கிற சுவர் எதுன்னு முதல்ல பாருங்க. செமி-டிட்டாச்ட்னா ஒரு சுவர் பக்கத்து வீட்டுக்காரங்களோட பொதுச் சுவரு, அதுல ஆழமா ஓட்ட போட்டு அவங்க பக்கம் ப்ளாஸ்டர் உதிர்ந்தா சண்டை வேற, ராத்திரி நேரம் டிக் டிக்னு பட்டன் சத்தம் அவங்களுக்குக் கேட்டா உங்க வீட்டுல சேஃப் இருக்குங்கிறதும் ஊருக்குத் தெரியும். முடிஞ்சா அந்தச் சுவர விட்டுடுங்க. பாத்ரூமுக்கு முதுகு காட்டுற சுவரும் வேணாம், உள்ள கீசர் பைப் ஓடும். வெளிச்சுவர்ல ஈரம் ஏறி பெயின்ட் உப்பியிருந்தா அதுவும் வேணாம்.

கபோர்ட்டுக்குள்ள வைக்கிறவங்கள்ல பாதிப் பேரு பண்ற தப்ப இங்க சொல்லிடறேன். பில்ட்-இன் கபோர்டுக்கு முதுகுல ஒரு சிப்போர்டு இருக்கும், அதுக்கும் சுவருக்கும் நடுவுல அர இஞ்சு காலி. சேஃப சிப்போர்டு மேலயே வெச்சு போல்ட முறுக்குனா பலகை நசுங்கி மொதல்ல டைட்டா தெரியும், ரெண்டு மழைக்காலம் போனா சிப்போர்டு ஊறி தளர்ந்து, சேஃபுக்குப் பின்னாடி ஒரு இடுக்கு உருவாகும், கடப்பாற நுனி அந்த இடுக்குல போச்சுன்னா நெம்புறது சுலபம். சேஃப் சைஸுக்கு பலகைய வெட்டி எடுத்துருங்க, ஸ்டீலோட முதுகு நேரா ப்ளாஸ்டர்ல படியணும். மூலையில வெச்சா இன்னும் நல்லது, பக்கவாட்டுல கடப்பாற ஆட்ட எடம் இருக்காது.

சுவர் என்ன சுவர்னு தெரிஞ்சுக்க கைமுட்டியால தட்டுங்க, அப்புறம் ஓரமா சின்ன பிட் வெச்சு ஒரு ஓட்ட போட்டு வர்ற தூள் என்னன்னு பாருங்க. செவப்புத் தூள் நிக்காம வந்தா கெட்டிச் செங்கல், சந்தோஷம். சாம்பல் தூள் வந்து திடீர்னு பிட் உள்ள விழுந்தா ஹாலோ ப்ளாக், உள்ள காலி, அதுல சாதாரண ரால் போல்ட் (முறுக்கினா ஸ்லீவ் விரிஞ்சு சுவரப் பிடிக்கிற போல்ட்) போட்டா உள்ள பிடிமானமே இருக்காது, அதுக்கு வலைக்குழாயோட கெமிக்கல் ஆங்கர் (பசையால பிடிக்கிற போல்ட்) போடணும், இல்ல தரைக்கு மாறணும். வெள்ளைப் பொடி வந்து உடனே ஓட்டையாயிட்டா ட்ரைவால், அந்தச் சுவர மறந்துடுங்க. தரைன்னா மேல்மாடி தரை மரப்பலகையா கான்கிரீட்டான்னு பாக்கணும், பலகைன்னா அதுவும் தனியா போதாது. இது வாடகை வீடா இருந்தா ட்ரில்ல எடுக்கிறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட எழுத்துல பர்மிஷன் வாங்குங்க. ஃப்ளாட்டுல இருக்குற வேற யாராவது இதப் படிச்சா, உங்க ஸ்லாப்ல டென்ஷன் கேபிள் (கான்கிரீட்டுக்குள்ள இழுத்துக் கட்டின இரும்புக் கம்பி) ஓடுற கட்டடமான்னு மேனேஜிங் ஏஜென்ட்கிட்ட கேக்காம தரையில ட்ரில் வைக்காதீங்க.

ஓட்ட போடுறதுக்கு முன்னாடி ப்ளக் பாயின்ட், சுவிட்ச் எங்க இருக்குன்னு பாருங்க, ஒயர் பொதுவா அதுக்கு நேர் மேலயும் கீழயும் ஓடும், கட்டில் பக்கத்துல லேம்ப் ப்ளக் இருக்குமே அதுதான் ஆபத்து, அந்தக் கோட்ட விட்டு நல்லா தள்ளி வாங்க, டி.பி போர்டுல, அதான் வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியில, அந்த ரூம் ப்ளக் லைன ஆஃப் பண்ணிட்டு வேல பாருங்க. சேஃபோட முதுகுல இருக்குற ஓட்ட எல்லாத்துலயும் போல்ட் போகணும், நாலு இருந்தா நாலு, மேல ரெண்டு போதும்னு விட்டா கீழ்ப்பக்கம் நெம்பி வந்துரும். எம்10 அல்லது எம்12 ரால் போல்ட், எந்த பிட்டுன்னு பாக்கெட்லயே போட்டிருக்கும். ஆழத்த ப்ளாஸ்டர் மேல இருந்து கணக்குப் போடாதீங்க, ப்ளாஸ்டர் பிடிக்காது, செங்கலுக்குள்ள போற நீளம்தான் கணக்கு, அதனால ப்ளாஸ்டர் கனத்தையும் சேத்து நீளமான போல்டா வாங்குங்க. செங்கலுக்கு நடுவுல இருக்கிற சிமென்ட் கோட்டுல ஓட்ட விழுந்தா அது சீக்கிரம் பொடியாகும், கொஞ்சம் சேஃப ஏத்தி எறக்கி செங்கல் நடுவுல வர்ற மாதிரி பாருங்க. போட்ட ஓட்டைக்குள்ள தூள வேக்குவம் வெச்சு உறிஞ்சி எடுங்க, இத நெறைய பேரு விட்டுடறாங்க, தூள் இருந்தா ஸ்லீவ் விரிஞ்சு செங்கலப் பிடிக்காம தூளப் பிடிக்கும். நாலு போல்டையும் கையால போட்டுட்டு, குறுக்கு குறுக்கா ஸ்பேனர் வெச்சு முறுக்கணும். முடிச்சதும் சேஃப் கதவத் தொறந்து விளிம்பப் பிடிச்சு உடம்பு பாரத்தோட இழுங்க. துளி அசைஞ்சாலும் அந்த போல்ட எடுத்துட்டு வேற எடத்துல புதுசா போடுங்க, அதுலயே பசை ஊத்தி சமாளிக்காதீங்க.

இதெல்லாம் பாக்க ஆளு கூப்பிடுறீங்கன்னா தெரிஞ்ச ஆளா கூப்பிடுங்க, ரோட்டுல நிக்கிறவர புடிச்சுட்டு வராதீங்க, பிள்ளைங்க ஸ்கூல்ல இருக்கிற நேரம் வரச் சொல்லுங்க. சேஃப் வந்த அட்டப்பெட்டிய நாலா கிழிச்சு உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி மடிச்சுப் போடுங்க, குப்பை நாள்ல அத அப்படியே வாசல்ல வெச்சா தெருவுக்கே அறிவிப்புதான்.

நம்பர். பிறந்த வருஷம், வீட்டு நம்பர், கல்யாண நாள், வண்டி நம்பர் எதுவும் வேணாம், 1860, நம்ம முன்னோர்கள் மொத மொதல்ல கப்பல்ல இங்க வந்த வருஷம், நம்ம ஆளுங்களுக்கு உடனே தோணுற நம்பர், அதுவும் வேணாம். உங்க பையன் உங்க ஃபோன் பின்ன எப்பவோ கண்டுபிடிச்சிருப்பான், அதே நம்பர இங்க போடாதீங்க. அவன் முன்னாடி சேஃபத் தொறக்காதீங்க. வாரத்துக்கு ஒருதரம் கீபேட ஈரத்துணியால துடைங்க, தெனம் அழுத்துற நாலு பட்டன்ல மட்டும் பளபளப்பும் மஞ்சள் கறையும் ஏறி நிக்கும், சாய்ச்சுப் பாத்தாலே எந்த நாலுன்னு தெரியும். எலக்ட்ரானிக் சேஃப்னாலும் கூட ஒரு எமர்ஜென்சி சாவி வரும், அதுதான் பெரிய ஓட்ட. நம்ம வீடுகள்ல அந்தச் சாவி எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும், சாமி ரூம்ல முருகன் படத்துக்குப் பின்னாடி, இல்ல விளக்குத் திரி வைக்கிற டப்பாவுல. எனக்குத் தெரிஞ்சது திருடனுக்கும் தெரியும், உங்க பையனுக்கும் தெரியும். ஒண்ணு உங்க சாவிக்கொத்துல, உங்க உடம்போட இருக்கட்டும், இன்னொண்ணு வீட்டுக்கு வெளிய ஒரு வாடகை லாக்கர்ல.

பிள்ளைங்க விஷயத்துல ஒளிச்சு வைக்கிறத நம்பாதீங்க, பூட்டத்தான் நம்பணும். கபோர்டு மேல் தட்டுல துணிக்கு அடியில வெச்சா பொண்ணுக்கு எட்டாதுன்னு சொல்றவங்க உண்டு, நாற்காலி போட்டு ஏறி ஸ்வீட் டப்பாவ எடுக்கிற பிள்ளைக்கு அது ஒரு உயரமா? சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல துப்பாக்கி தோட்டா இல்லாம ஒரு பூட்டுல, தோட்டா வேற பூட்டுல இருக்கிறதுதான் ரொம்பப் பாதுகாப்பு, பகல் முழுக்க அப்படியே வைங்க, அதுக்கு உள்ளயே தனிப்பூட்டு போட்ட சின்ன அறை இருக்கிற மாடலும் வருது. ராத்திரிக்கு மேகசின் போடுறீங்கன்னா சேம்பர், அதான் சுடுறதுக்குத் தயாரா தோட்டா உக்கார்ற எடம், காலியா இருக்கட்டும். பிள்ளைங்ககிட்ட மறைக்காம ஒருதரம் உக்காந்து பேசுங்க, நம்ம வீட்டுலயோ ஃப்ரெண்டு வீட்டுலயோ துப்பாக்கி கண்ணுல பட்டா தொடாத, அந்த எடத்த விட்டு வெளிய போ, பெரியவங்ககிட்ட சொல்லு. 5 வயசுக்கு அது போதும். அதுக்காக பேசிட்டோம்னு பூட்டாம விடக்கூடாது.

ஒய்ஃபுக்கு நம்பர் சொல்லலாமான்னு கேட்டீங்க. லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு, அவங்க பேர்ல இல்ல, அப்போ நீங்க இல்லாத நேரம் அவங்களால தொறக்க முடிஞ்சா லைசென்ஸ் இல்லாத ஒருத்தர் கையில துப்பாக்கி இருக்குற மாதிரிதான் ஆகும். அவங்களுக்கும் வேணும்னு உண்மையிலேயே நெனைச்சா அதுக்கு நேர்வழி இருக்கு, அவங்களும் ட்ரெய்னிங் போய் காம்பிடென்சி வாங்கட்டும், அதே வீட்டுல இருக்கிறவங்களுக்கு அதே துப்பாக்கிக்கு கூடுதல் லைசென்ஸ் செக்ஷன் 12ல கொடுக்கிறாங்க. அது வர்ற வரைக்கும் நம்பர் உங்ககிட்ட மட்டும். அவங்களுக்கு பேனிக் பட்டன் எங்க இருக்கு, கேட்ட எப்படி மூடுறது, பிள்ளைங்கள எந்த ரூம்ல கூட்டிட்டுப் போய் உக்காரணும், இது தெரிஞ்சா போதும், சொல்லப்போனா உங்களுக்கும் இதுதான் மொத வேல.

டர்பன் காத்துல உப்பும் ஈரமும் இருக்கே, சேஃப மூடி வெச்சா உள்ள புழுங்கும். பிஸ்டல லெதர் ஹோல்ஸ்டரோட உள்ள வைக்காதீங்க, லெதர் ஈரத்தக் குடிச்சு இரும்புக்குக் கொடுக்கும், ஸ்லைடு மேல ஊசி குத்தின மாதிரி ஆரஞ்சு புள்ளி வந்தா அதுதான் காரணம். ஸ்பாஞ்சும் அப்படித்தான். லேசா எண்ணெ துடைச்சு, சிலிக்கா ஜெல் பை ரெண்டு போட்டு வைங்க. பேட்டரிய வருஷா வருஷம் தீபாவளிக்கு வீடு துடைக்கிறப்போ மாத்துங்க, தீர்ந்துருச்சான்னு பாத்துட்டு இல்ல, தீராட்டியும் மாத்துங்க, ஆல்கலைன் பேட்டரியா பாத்து வாங்குங்க. மாத்தின அன்னிக்கு ராத்திரி துப்பாக்கி இல்லாம காலி சேஃப வெச்சு லைட்ட அணைச்சுட்டு எடது கையால ஒருதரம், வலது கையால ஒருதரம் தொறந்து பழகுங்க.

கடைசியா அம்மா விஷயம், நீங்க போற போக்குல எழுதியிருக்கீங்க, எனக்கு உங்க லெட்டர்ல அதுதான் ரொம்ப நேரம் மனசுல நின்னுச்சு. அப்பா போயி, தூக்கம் போயி, ராத்திரி முழுக்க நடக்கிறாங்கன்னா அது வயசுன்னு விடற விஷயம் இல்ல. சாப்பாடு எப்படி, ஜனங்களோட பேசறாங்களா, "நான் ஏன் இருக்கேன்"ங்கிற மாதிரி ஏதாவது சொல்றாங்களான்னு கவனிங்க. மனசு ஒடைஞ்சு போயிருக்கிற மனுஷங்க கைக்கு எட்டுற எடத்துல துப்பாக்கி இருக்கிறது ரொம்ப ஆபத்து, அந்த எண்ணம் உச்சத்துல இருக்குறது பல பேருக்குக் கொஞ்ச நேரம்தான், அந்தக் கொஞ்ச நேரத்துல கைல எதுவும் கெடைக்கலன்னா நெறைய பேரு பொழைச்சுக்குவாங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அம்மாகிட்ட நேராவே கேளுங்க, கேக்குறதால அந்த எண்ணம் வந்துராது. எஸ்.ஏ.டி.ஏ.ஜி (SADAG, மனச்சோர்வுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் உதவுற அமைப்பு) ஆளுங்க 0800 567 567ல இருக்காங்க, கூப்பிட காசு இல்ல, நீங்களும் பேசலாம், அம்மாவும் பேசலாம். டாக்டர் பாத்து, அம்மா தெளிஞ்சு, வீட்டுல எல்லாருக்கும் தூக்கம் ஒழுங்காகுற வரைக்கும் பிஸ்டல வீட்டுக்கு எடுத்துட்டு வராம டீலர்கிட்டயே விட்டு வைங்க, லைசென்ஸ் கார்டு கைக்கு வந்ததும் அன்னிக்கே போய் தூக்கிட்டு வரணும்னு ஒண்ணும் இல்ல. அந்த நேரத்துல மாடிப்படி கேட்டையும் சேஃபையும் நிதானமா போட்டு முடிங்க. சுவர்ல என்ன கலர் தூள் வருதுன்னு பாத்துட்டு எனக்கு எழுதுங்க, எந்த போல்டுன்னு அப்போ சரியா சொல்றேன்.